அகமீடி என்றொரு பெயர்

இந்த ஊரில் பெற்ற பிள்ளைக்குப் பெயர் தேடுவதைவிட, வாங்கப்போகும் டிரக்குக்கு நிறம் தேடத்தான் அதிக நேரம் செலவழிக்கிறார்கள். குறையாகச் சொல்லவில்லை. ஊர் அலுவலகத்தில் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாவற்றையும் பதிந்தவள் என்ற முறையில் பார்த்ததைச் சொல்கிறேன். ஜேடன், பிரேடன், ஹேடன் என்று வருடம் முழுக்க ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரும். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், "கேக்க நல்லா இருக்குல்ல வெர்னா" என்பார்கள். மேலே ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அதற்குள் கார் சாவி கையில் ஆடும். உங்கள் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள், டைலர். கூரைக்கு ஓடு வேய்கிறவன் என்று அர்த்தம். உங்கள் அம்மாவுக்கு அது தெரியாது. நான் சொன்னேன், அவள் காதில் வாங்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பிறப்பைப் பதிவேட்டில் எழுதியதே என் கைதான்.

காப்பி போதும், நன்றி. நீங்கள் கேட்டது கொரின் திபோவைப் பற்றி. அங்கேதான் வருகிறேன். ஆனால் பெயரிலிருந்து தொடங்கவில்லை என்றால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஞாயிறு மதியங்களில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். எழுதுகிறவர்கள் சங்கம் என்று பெயர். கஸ் கிம்பல் மாட்டு வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் மாலுமிகளின் காதல் கதைகள் எழுதுவார். கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. நோரீன், செத்துப்போன கணவனைப் பற்றிக் கவிதை எழுதுவாள். கையில் பின்னல் ஊசியும் கண்ணில் தண்ணீரும் எப்போதும் தயாராக இருக்கும். கொரின் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பேருந்தின் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ஸ்டீயரிங் மேலேயே தாளை வைத்து எழுதுவாள். சங்கத்தை ஆரம்பித்தவளும் அவள்தான். நான் எழுதுகிறவள் இல்லை. நான் பெயர் வைக்கிறவள்.

சங்கத்தின் விதிகளும் கொரின் போட்டவை. இதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் அன்றைக்கு நடந்தது எல்லாமே விதிப்படிதான் நடந்தது. யாருடைய எழுத்தைப் பேசுகிறோமோ அவர் கையில் ஒரு மரக் காக்கையைக் கொடுப்போம். கஸ் செதுக்கியது, மூக்கு கொஞ்சம் வாத்து மாதிரி இருக்கும். காக்கை கையில் இருக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக்கூடாது. விளக்கம் கூடாது, சமாதானம் கூடாது. ஆரம்பிப்பதற்கு முன்னால், "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்" என்பதும் கூடாது. நாங்கள் கேள்வி கேட்டால் ஆம், இல்லை என்று தலையசைக்கலாம். பேசுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு மணல் கடிகாரம். மணல் இறங்கும்வரை அவர் பேச்சை யாரும் வெட்டக்கூடாது. அதைவிட முக்கியமான விதி, எழுதியவர் முகத்தை யாரும் பார்க்கக்கூடாது. அவரவர் தாளைத்தான் பார்க்க வேண்டும். "மூஞ்சியைப் பாத்தா பொய் சொல்லத் தோணும்" என்பாள் கொரின். அது உண்மைதான்.

அவள் எழுதியது சூனியக்காரிகளின் கதை. மலையில் ஒரு கிராமம், அதில் மூன்று பெண்கள், கீழே காடு வெட்டுகிற ஒரு கொடியவன். முதல் தடவை வாசித்தபோது அந்த மூவருக்கும் லூனா, ரேவன், சேஜ் என்று பெயர் வைத்திருந்தாள். நிலா, காக்கை, சமையல் இலை. சந்தையில் மெழுகுவர்த்தி விற்கிற கடைகளில் எல்லாம் இதே பெயர்கள்தான் எழுதி ஒட்டியிருக்கும். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் முறை வந்தபோது, இது மூன்று சோப்புக் கட்டிகளின் கதையா என்று கேட்டேன். காக்கையைக் கட்டிக்கொண்டு கொரின் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அன்றைக்கே, "நீயே வை" என்று சொல்லிவிட்டாள்.

நான் பெயர் வைக்கிற விதம் இதுதான். பெயருக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்க வேண்டும். அந்தக் கதையில் அந்தப் பெயர்க்காரி என்ன செய்தாள், அவளுக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். நம்முடைய ஆள் அதைத் தாங்குவாளா என்று பார்க்க வேண்டும். செருப்பு வாங்குகிற மாதிரிதான், கடையில் அழகாக இருந்தால் போதாது, அதைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். காட்டை வெட்டுகிறவனுக்கு எரிசிக்தோன் என்று வைத்தேன். தெய்வத்தின் தோப்பை வெட்டி, தீராப்பசி சாபம் வாங்கி, கடைசியில் தன்னையே தின்றவன் அவன். இதைச் சொன்னால் பல்லு சுளுக்கிக்கும் என்றார் கஸ். மூத்த சூனியக்காரிக்கு குல்வெய்க். ஐரோப்பாவின் வடகோடித் தெய்வங்கள் அவளை மூன்று தடவை நெருப்பில் போட்டார்கள், மூன்று தடவையும் எழுந்து வந்தாள். நடுவில் இருப்பவளுக்கு அங்கிட்டியா. இத்தாலியில் ஏரிக்கரைச் சனங்கள் பாம்புக் கடிக்கு அவளைத்தான் கும்பிட்டார்கள்.

கதாநாயகிக்கு மட்டும் ஒரு குளிர்காலம் முழுக்கத் தேடினேன். கொரின் பொறுமையிழந்து கிண்டல் பண்ணுவாள். "அம்மா தாயே, ஒரு பேரு கேட்டேன். நீ என்னடான்னா பாட்டன் பூட்டன் வரைக்கும் தோண்டிட்டிருக்கே. கதாநாயகி கிழவியாயிடுவா" என்பாள். கடைசியில் அகமீடி கிடைத்தாள்.

அகமீடி பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது, யாருக்கும் தெரியாது. பழைய கிரேக்கப் போர்க்கதை ஒன்றில் அவளுக்கு ஒரே ஒரு வரிதான் இடம். ஓர் அரசனின் மகள், இந்த அகன்ற பூமி வளர்க்கிற அத்தனை மருந்தும் அறிந்தவள். அவ்வளவுதான். யாரைக் குணமாக்கினாள், யாரைக் கொன்றாள், எப்படிச் செத்தாள், ஒன்றும் கிடையாது. அடுத்த வரியில் ஆண்கள் மறுபடி ஈட்டி எறியப் போய்விடுகிறார்கள். நான் வேலைசெய்த அலுவலகத்திலும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிதான். அதனால்தானோ என்னவோ, அவளுடைய அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கொரினிடம் சொன்னேன். அவள் பேருந்தின் எஞ்சினை அணைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். அது அவளிடம் அபூர்வம்.

"அந்த ஒரு வரிக்கு நான் நானூறு பக்கம் எழுதித் தரேன் வெர்னா," என்றாள்.

எழுதினாள். நன்றாகத்தான் எழுதினாள். அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். கொரினுக்கு முந்திரி ஆகாது. ஒரு கோடையில் ஏரிக்கரையில் சங்கத்தாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யாரோ கொண்டுவந்த சாலட்டில் அது இருந்திருக்கிறது. உதடு தடித்தது, குரல் போனது, மூச்சு விசிலடித்தது. அவள் பையில் எப்போதும் ஓர் அவசர ஊசி இருக்கும். எடுத்துத் தொடையில் குத்தியது நான்தான். சற்று நேரத்தில் மூச்சு திரும்பிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான் என் அகமீடி" என்றாள். அதனால் அந்த ஊசி என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். அதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதும் ஓரளவு தெரியும் என்று நினைத்திருந்தேன்.

போன இலையுதிர் காலத்தில் நியூயார்க்கிலிருந்து ஒரு பதிப்பகம் கதையை எடுத்துக்கொண்டது. ஊரே கொண்டாடியது. பள்ளிப் பிள்ளைகள் பேருந்துக்குள் காகித மாலை தொங்கவிட்டார்கள். நான் ஆப்பிள் பலகாரம் செய்து கொண்டுபோனேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். பிப்ரவரியில் ஒருநாள் தீவனக் கடை வாசலில் அவளைப் பார்த்தபோது அவள் என் கண்ணைப் பார்க்காமல் பேசினாள். பதிப்பாசிரியர் அம்மாளுக்குப் பெயர்கள் வாயில் நுழையவில்லையாம். வாசகர்கள் முதல் பக்கத்திலேயே ஓடிவிடுவார்களாம். எரிசிக்தோன் இனி பிளாக்வுட். குல்வெய்க் இனி கிரானி ஃப்ராஸ்ட். அகமீடி இனி வில்லோ.

வில்லோ. குளத்தங்கரையில் வளைந்து நிற்கிற மரம். அது எதையும் அறிந்ததும் இல்லை, யாரையும் காப்பாற்றியதும் இல்லை.

என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அவள் என் தோளைத் தட்டி, "வெறும் பேரு தானே வெர்னா. உள்ளே இருக்கறவ அதே ஆளுதான்" என்றாள். ஆமாம் என்று சொல்லி, கோழித் தீவன மூட்டையைக் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுப்படியைக் கூட்டித் துடைத்தேன். எனக்குக் கோபம் இல்லை. மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் நான் இல்லை என்று இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். நான் சொல்வதை அவள் ஒருதடவை உட்கார்ந்து முழுக்கக் கேட்க வேண்டும். கேட்டால் பெயரை விடமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

கடைசித் திருத்தம் அனுப்புவதற்கு முன் சங்கத்தில் ஒருதடவை பேசிவிடலாம் என்று முதல் அத்தியாயங்களின் நகலை எங்கள் மூவருக்கும் கொடுத்திருந்தாள். எல்லாப் பக்கத்திலும் வில்லோ, வில்லோ. நூலகக் கீழ்த்தளத்தில் ஈரம் ஏறியிருக்கிறது, இந்தத் தடவை என் வீட்டில் கூடலாம் என்று நான்தான் சொன்னேன். ஈரம் ஏறியிருந்தது உண்மை. அது சேற்றுக்காலம் என்பதும் உண்மை. பனி உருகி மண்சாலையெல்லாம் களியாகிக் கிடக்கிற நாட்களில் என் வீடு இருக்கிற மேட்டுக்கு எந்த வண்டியும் ஏறாது. காரைக் கீழே தார்ச்சாலையில் விட்டுவிட்டு ரப்பர் பூட்ஸ் போட்டு நடந்துதான் வரவேண்டும். மேட்டில் செல்போனும் எடுக்காது. இதெல்லாம் அவர்களுக்கும் தெரிந்ததுதான். நடந்தே வந்தார்கள். அந்தப் பருவத்தில் மேப்பிள் மரத்துப் பாகு காய்ச்சி, வடக்குப் பக்கம் மிச்சமிருக்கிற பனியில் ஊற்றி, ஊறுகாய் வெள்ளரியோடும் டோனட்டோடும் சாப்பிடுவது வழக்கம். அதற்காக யாரும் ஒரு மைல் சேற்றில் நடப்பார்கள்.

டோனட் நானே செய்தேன்.

மாவில் என்ன இருந்தது என்று உங்கள் போலீஸ் ஆட்கள் அன்றைக்கே கேட்டார்கள். கடையில் வாங்கின மாவு, அரைக்கிற இடத்தில் ஏதாவது கலந்திருக்கலாம் என்று சொன்னேன். அவர்களும் எழுதிக்கொண்டார்கள். மாவு சுத்தமானது. முந்திரியை நான்தான் காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷினில் பொடித்துச் சேர்த்தேன். கொஞ்சம்தான். ஜாதிக்காய் வாசனையில் அது தெரியவில்லை.

கொரின் எல்லோருக்கும் கடைசியாக வந்தாள். மூச்சு வாங்க, கன்னம் சிவக்க, முழங்கால் வரை சேறோடு. பூட்ஸைக் கழற்றும்போதே என் கையைப் பிடித்தாள். "வெர்னா, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். பேரைப் பத்தி..." என்றாள். நான் மரக் காக்கையை எடுத்து அவள் கையில் வைத்து, விதி போட்டவளே விதியை மீறலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். உதட்டைப் பூட்டுகிற மாதிரி சைகை காட்டிவிட்டு உள்ளே போனாள். பை, கோட்டு எல்லாவற்றையும் வாசலை ஒட்டிய பூட்ஸ் அறையில் மாட்டிவிட்டு வருவது வழக்கம். ஆணியில் இடமில்லாததால் அவள் பையை நான் உள்ளே கொண்டுவந்து என் நாற்காலிக்குக் கீழே வைத்தேன். சொல்லப்போனால் ஆணியில் இடம் இருந்தது.

டோனட்டைக் கையில் எடுத்து, "இதுல கொட்டை ஏதும் இல்லியே?" என்று கேட்டாள். எப்போதும் கேட்பாள், எங்கே போனாலும் கேட்பாள்.

"நானே செஞ்சது கொரின்," என்றேன்.

அது பொய் இல்லை. அவள் நம்பிக் கடித்தாள்.

முதலில் கஸ் பேசினார். நடுவில் கதை தொய்கிறது, அந்தக் காட்டு விருந்து வருகிற இடத்தில் தனக்குத் தூக்கம் வந்துவிட்டது என்றார். கஸ் எதையும் பூசி மெழுகமாட்டார். பேசிக்கொண்டே தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து நோரீன். அவள் வழக்கம்போல எல்லாமே அருமை என்று சொல்லிவிட்டு, அம்மா சாகிற இடத்தில் அழுதேன் என்று சொல்லும்போதே அழ ஆரம்பித்து, பின்னலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கொரின் ஒருதடவை தொண்டையைச் செருமினாள். உதட்டைச் சொறிந்துகொண்டாள். கழுத்தில் சிவப்பாகத் திட்டுத் திட்டாக எழும்புவதை நான் பார்த்தேன். பார்க்கக்கூடாதுதான். அன்றைக்கு நான் மீறிய ஒரே விதி அது.

என் முறை வந்தது. மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன்.

அகமீடி என்ற பெயரிலிருந்து தொடங்கினேன். அவளுக்குக் கிடைத்த அந்த ஒரு வரியைப் பற்றிச் சொன்னேன். பெயர் என்பது ஒருத்திக்கு நாம் கொடுக்கிற முதல் மருந்து, அதை மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். நிதானமாகத்தான் பேசினேன். கொரின் எழுந்திருக்கப் பார்த்தாள். நோரீன் ஒருகாலத்தில் விமரிசனம் தாங்காமல் எழுந்து வெளியே போயிருக்கிறாள். கொரினும் அப்படித்தான் போகிறாள் என்று கஸ் நினைத்திருக்கிறார். "விடும்மா, நான் சொன்னதை மனசுல வச்சுக்காதே" என்று தாளைப் பார்த்தபடியே முணுமுணுத்தார். இன்னும் மணல் இருக்கிறது, உட்காரு என்றேன் நான். அவள் உட்கார்ந்தாள். அவள் கால் நிற்கவில்லை என்று நினைக்கிறேன்.

காக்கையை மேஜைமேல் வைத்தாள். அப்படி வைத்தால், எழுதியவர் பேசப் போகிறார் என்று அர்த்தம். வாய் திறந்தது. "பை" என்று ஒரு சத்தம் வந்தது, அதுவும் காற்றாகத்தான் வந்தது. கஸ்ஸுக்குக் காது மந்தம். நோரீன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். எனக்கு நன்றாகக் கேட்டது. அலுவலக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று யார் என்ன முணுமுணுத்தாலும் ஒரே தடவையில் கேட்டு எழுதிக்கொண்ட காது என்னுடையது. நான் எழுந்துபோய்க் காக்கையை எடுத்து மறுபடி அவள் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டேன். விரல் தடித்து மோதிரம் இறுகியிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். என் காலடியில் இருந்த பையை அவள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அவளைச் சாகடிக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். பையை ஏன் பக்கத்தில் வைத்துக்கொண்டேன் என்று யோசித்துப் பாருங்கள். என் திட்டம் எளிது. பெயர் இருக்குமா என்று கேட்பேன். அவள் தலையாட்டுவாள். ஏரிக்கரையில் செய்ததுபோல ஊசியைக் குத்துவேன். மூச்சு திரும்பும்போது அகமீடி யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். உயிர் போகிற நேரத்தில் கேட்ட பேச்சை யாரும் மறக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். கேட்கவும் செய்தேன். "பேரு இருக்குமா கொரின்?" என்று எல்லோர் முன்னாலும்தான் கேட்டேன். கேள்வி கேட்க விதியில் இடம் இருக்கிறது.

பிறகு நடந்தது உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. காக்கை தரையில் விழுந்த சத்தத்தில் நோரீன் தலை நிமிர்ந்து அலறினாள். கஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவளிடம் ஓடினார். பையைத் திறந்து ஊசியைக் குத்தியது நான்தான், அதை இருவரும் பார்த்தார்கள். என் அடுப்படித் தொலைபேசியிலிருந்து ஆம்புலன்சைக் கூப்பிட்டோம். அது கீழே சேற்றில் அச்சு வரை புதைந்து நின்றுவிட்டது. எழுபத்தைந்து வயதில் கஸ் வெறும் சாக்ஸோடு அந்த மேட்டில் இறங்கி ஓடினார். அவர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காப்பாற்ற எவ்வளவோ பார்த்தாள் பாவம் வெர்னா என்று ஊரே சொன்னது. வாரம் முழுக்க என் வீட்டுக்கு யாராவது சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள். பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கவே எனக்கு நேரம் போதவில்லை.

அப்படியே இருந்துவிட்டிருக்கலாம். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, நீங்கள் உள்பட. நேற்று ஊர் மண்டபத்தில் கொரினுக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள் அல்லவா, நீங்களும் பின்னால் நின்றிருந்தீர்கள். நியூயார்க்கிலிருந்து அந்தப் பதிப்பாசிரியர் அம்மாள் வந்திருந்தாள். சேற்றுக்கு ஆகாத மெல்லிய செருப்பு போட்டுக்கொண்டு, பாவம். அவள் மேடையில் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள்.

"சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, வெள்ளிக்கிழமை, கொரின் எனக்கு ஃபோன் பண்ணாங்க. அகமீடிங்கற பேரு இல்லேன்னா புத்தகமே வேண்டாம்னாங்க. அந்தப் பேரைத் தேடிக் கொடுத்தவ என் சிநேகிதி, அவகிட்டப் போய் வெறும் பேருதானேன்னு சொல்லிட்டேன், அன்னியிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லைன்னாங்க. எல்லாப் பேரும் பழையபடியே வருது. ஞாயித்துக்கிழமை அவங்ககிட்ட நேர்ல சொல்லப்போறேன்னு சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமா இருந்தாங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நோரீன் என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் மனிதப் பிறவிதான், டைலர். பூட்ஸ் அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொல்ல வந்தது அதுதான். ஆனால் சொல்லவில்லையே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தட்டை நானே எடுத்துக்கொண்டுபோய்க் கோழிக்குப் போட்டிருப்பேன். நான் காக்கையைக் கொடுத்ததால்தான் சொல்லவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். அந்த விதியைப் போட்டது நான் இல்லை.

உங்களிடம் வந்ததற்குக் காரணம் கஸ். அவர் மாலுமிக் கதையையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டார். நான் சொன்ன கடுஞ்சொல்லுக்குத்தான் அவள் எழுந்திருக்கிறாள் என்று நினைத்து நிமிர்ந்து பார்க்காமல் இருந்துவிட்டேனே, மாட்டுக்கு மூச்சு முட்டினால் மைல் தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிறவன், பக்கத்து நாற்காலியில் கண்டுபிடிக்கவில்லையே என்று புலம்புகிறார். ஒரு நல்ல மனிதர் செய்யாததற்காக வதைபடுவது எனக்குப் பொறுக்கவில்லை. முந்திரியைச் சேர்த்தது நான். பையை எடுத்து வைத்தது நான். காக்கையைத் திருப்பிக் கொடுத்தது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கஸ்ஸிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

மற்றபடி எனக்குக் குறையில்லை. புத்தகம் வரும். முதல் பக்கத்தில் அகமீடி இருப்பாள். கொரினும் அதைத்தான் விரும்பினாள் என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த விதத்தில் நானும் அவளும் கடைசிவரை ஒரே பக்கம்தான் இருந்திருக்கிறோம்.

நீங்கள் ஒன்று கேட்காமல் விட்டுவிட்டீர்கள். பெயர் இருக்குமா என்று நான் கேட்டதற்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்று. ஆமாம் என்று தலையாட்டினாள். முதல் தடவை கேட்டபோதே ஆட்டினாள். நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள், காக்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை என்மேலிருந்து எடுக்காமல். பை என் காலடியில்தான் இருந்தது, குனிந்தால் போதும். ஆனால் மணல் பாதிதான் இறங்கியிருந்தது, குல்வெய்க்கைப் பற்றி நான் இன்னும் தொடங்கவே இல்லை. என் பேச்சை யாரும் அப்படி உற்றுக் கேட்டதே இல்லை, டைலர்.